இரண்டு ஆன்டெனாவும் சமமாகப் பேச: தோட்டத்துக்கு லிங்க் போடப் போகிறவர்களுக்கு

வயர்லெஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது பவர் என்று எழுதியிருக்கும் கட்டத்தில்தான். அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத் தோட்டத்தில் கேமரா, ராதாபுரம் பக்கம் விளையில் பம்புசெட், எந்த வேலையாக இருந்தாலும் படம் விட்டு விட்டு வந்தால் தோட்டத்துக்காரர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பவரைக் கொஞ்சம் கூட்டி வைங்க, சரியாயிரும்." கூட்டுவோம். சிக்னல் எண் ஒன்றிரண்டு ஏறும், வேகம் ஏறாது, சில நேரம் இறங்கவும் செய்யும். காரணம், இப்போது வரும் வயர்லெஸ் பெட்டிகளில் பேசுவது ஒரு ஆன்டெனா இல்லை, இரண்டோ மூன்றோ நான்கோ. அவற்றில் ஒன்று சத்தமாகவும் இன்னொன்று முனகலாகவும் பேசினால் மொத்தப் பவரைக் கூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

இதைச் சமப்படுத்துவது எப்படி என்பதுதான் விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முக்கால்வாசி மொட்டைமாடியிலும் போஸ்ட் மேலும் நடக்கும் வேலை, லேப்டாப்பில் நடப்பது கால்வாசிதான். அந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் வாரம் ஒருமுறை ஏணி தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நான் எடுத்துக்கொள்வது நம் பக்கம் அதிகம் போடுகிற அமைப்பு: வீட்டு மாடியில் ஒரு பெட்டி, தோப்பில் ஒரு பெட்டி, 5.8 கிகாஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டெனா. இரண்டு பெட்டிக்கும் நடுவே கம்பியில்லாமல் ஓடும் இணைப்பைத்தான் லிங்க் என்கிறோம். டிஷ் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதற்குள் ஒரு ஆன்டெனா படுக்கை வாட்டத்திலும் இன்னொன்று செங்குத்தாகவும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் தனி ஆம்ப்ளிஃபயர், தனி ரிசீவர், தனி கேபிள். இந்த முழுப் பாதைக்குத்தான் செயின் என்று பெயர். செயின் 0, செயின் 1 என்று ஸ்கிரீனில் வரும். இரண்டும் வேறு வேறு தகவலைச் சுமந்து போவதால்தான் வேகம் இரட்டிப்பாகிறது. 802.11என் என்ற வைஃபை தரத்தின் கணக்கில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒரு தகவல் ஓட்டம், நொடிக்கு 65 மெகாபிட், இரண்டு ஸ்ட்ரீம் 130. இது காற்றில் போகும் வேகம், கைக்கு வருவது இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

கணக்கு கொஞ்சம்

டிபிஎம் கணக்கு தெரியாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். ஆனால் தெரிய வேண்டியது ரொம்பக் குறைவு. டிபிஎம் என்பது பவரை அளக்கும் அலகு, 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 10 கூடினால் பத்து மடங்கு, 3 கூடினால் இரண்டு மடங்கு. ஆக 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட், 17 என்பது 50, 30 என்பது 1 வாட். இரண்டு செயினும் தலைக்கு 17 அனுப்பினால் மொத்தம் 34 ஆகாது, 20தான். நான்கு செயின் 17 அனுப்பினால் 23.

இங்கேதான் முதல் குழப்பம். பெட்டியில் 20 என்று வைக்கிறீர்கள், அது ஒரு செயினுக்கா, மொத்தத்துக்கா? கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட மாறும். கையேட்டைத் தேடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது எளிது. லிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டிங்கில் ஒரு செயினை மட்டும் அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் மற்ற செயின் வாங்கும் சிக்னல் எண்ணைப் பாருங்கள். அசையாமல் நின்றால் நீங்கள் வைத்த எண் செயினுக்கு. 3 ஏறினால் மொத்தத்துக்கு, அதாவது இருக்கிற பவர் முழுவதும் மிச்சமிருக்கும் ஒன்றுக்குப் போய்விட்டது.

சட்டக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்ட 2005 ஜனவரி அறிவிக்கையில் பெட்டியின் வெளியீடு அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனா லாபமும் (ஒரே திசையில் குவிப்பதால் கூடும் பலம்) சேர்ந்த கதிர்வீச்சு 4 வாட், அதாவது 36 டிபிஎம் என்று இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் பெரிய பகுதி திறக்கப்பட்டது, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் வரம்பு வேறு. அதனால் பெட்டியில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று வைத்துவிடுங்கள். அதிகப் பவர் கிடைக்கும் என்று வேறு நாட்டுப் பெயரைப் போடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப. அது சட்டப்படியும் தப்பு, பின்னால் சொல்லப்போகிற காரணத்தால் லிங்க்குக்கும் கெடுதல்.

36 வரம்பு உள்ள இடத்தில் டிஷ் 16 டிபிஐ (ஆன்டெனா லாபத்தின் அளவு) என்றால் பெட்டி மொத்தம் 20 அனுப்பலாம், செயினுக்கு 17. டிஷ் 23 டிபிஐ என்றால் மொத்தமே 13தான், செயினுக்கு 10. டிஷ் பெரிதாகும்போது பெட்டியின் பவரைக் குறைக்க வேண்டும் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்துச் சிக்னலை வாங்கும்போதும் பெரிய டிஷ் நமக்கு உதவுகிறது என்பதால் இதில் நஷ்டம் இல்லை.

ஏறுவதற்கு முன் எதிர்பார்ப்பு எண்

சேரன்மகாதேவியில் ஒரு மாடி, தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் 3 கிலோமீட்டரில் தோப்பு என்று வைத்துக்கொள்வோம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டர் வெட்டவெளிக்கு இழப்பு ஏறக்குறைய 117 டெசிபெல். செயினுக்கு 17 அனுப்புகிறோம், இரண்டு பக்கமும் 16 டிபிஐ டிஷ். 17 கூட்டல் 16 கூட்டல் 16, கழித்தல் 117. விடை −68 டிபிஎம். கழித்தல் எண் என்பதால் 0க்கு நெருங்க நெருங்கச் சிக்னல் பலம், −77 என்பது −68ஐவிடப் பலவீனம். ஒவ்வொரு செயினிலும் −68க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். இந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்ப் பார்க்கும் எண் நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

நேர்ப்பார்வை என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 3 கிலோமீட்டர் லிங்க்கில் நடு வழியில் அந்தக் கோட்டைச் சுற்றி 6 மீட்டருக்குச் சற்று மேல் ஆரமுள்ள ஒரு வெளி தேவை, அதில் அறுபது சதவீதமாவது, அதாவது நாலு மீட்டர் அளவுக்காவது சுத்தமாக இருக்க வேண்டும். வாழை தொந்தரவு தராது, எட்டாது. தென்னைதான் பிரச்சினை. போடுகிற அன்று கொண்டைக்கு மேலே போன கோடு ரெண்டு வருஷத்தில் கொண்டைக்குள் போய்விடும். பனை அவ்வளவு வேகமாக வளராது, அதனால் பனங்காட்டு மேலே போகும் லிங்க் கொஞ்சம் நிம்மதி.

நாலு எண்

இரண்டு பக்கமும் மாட்டி, தோராயமாகத் திருப்பி, லிங்க் பிடித்துவிட்டது. பவரை முழுக்க வைக்காதீர்கள், கணக்கில் வந்ததை வையுங்கள். இப்போது எழுத வேண்டியது நாலு எண்: மாடிப் பெட்டி வாங்கும் செயின் 0, செயின் 1, தோப்புப் பெட்டி வாங்கும் செயின் 0, செயின் 1. மைக்ரோடிக், யூபிக்விட்டி போன்ற பெட்டிகள் செயின் வாரியாகவே காட்டும்.

எடுத்துக்காட்டாக இப்படி வருகிறது: மாடியில் −68, −77. தோப்பில் −69, −78.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டி மொத்த சிக்னல் என்று ஒரே எண்ணைக் காட்டியிருந்தால் மாடியில் −67.5 என்று காட்டும். இரண்டு செயினும் ஒழுங்காக இருந்திருந்தால் −65. வித்தியாசம் இரண்டரைதான், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் உள்ளே ஒரு செயின் 9 டெசிபெல் கீழே கிடக்கிறது, எட்டில் ஒரு பங்கு பவர்தான் அதில் வருகிறது. பெட்டி இரண்டு ஸ்ட்ரீமை விட்டுவிட்டு ஒன்றுக்கு இறங்கிவிடும். 802.11என் பெட்டியில் எம்சிஎஸ் எண் (எந்த வேகப் படியில் ஓடுகிறது என்று காட்டுவது) 8 முதல் 15க்குள் இருக்க வேண்டியது 7, 6 என்று நின்றால் இதுதான் நடக்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்த்து வேலையை முடிக்காதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு செயினுக்கும் இடையே 3 டெசிபெல் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். 5, 6 என்றால் தேட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது மாட்டவே இல்லை.

எங்கே தப்பு என்று உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிப்பது

நாலு எண்ணை எழுதச் சொன்னது இதற்குத்தான். கேபிள், கனெக்டர், ஆன்டெனா, நடுவே இருக்கிற மரம், இவை எல்லாம் போகிற சிக்னலையும் வருகிற சிக்னலையும் ஒரே அளவில்தான் தின்னும். ஆம்ப்ளிஃபயர் அப்படி இல்லை, அது ஒருவழி.

ஆக, மேலே உள்ள எடுத்துக்காட்டு மாதிரி இரண்டு திசையிலும் ஒரே செயின் ஒரே அளவு அடி வாங்கினால் குற்றம் கேபிள், கனெக்டர், ஆன்டெனா பக்கம். மாடியா தோப்பா என்று இன்னும் தெரியாது, ஆனால் ரேடியோ நல்லாயிருக்கிறது. தோப்பு வாங்கும் செயின் 1 மட்டும் கீழே, மாடி வாங்குவது இரண்டும் சமம் என்றால், மாடிப் பெட்டியின் செயின் 1 அனுப்பும் ஆம்ப்ளிஃபயரோ தோப்புப் பெட்டியின் செயின் 1 வாங்கும் பகுதியோ போயிருக்கிறது. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி வருவது உண்டு. இரண்டு திசையிலும் இரண்டு செயினும் ஒரே மாதிரி கீழே என்றால் அது சமநிலைப் பிரச்சினையே இல்லை, டிஷ்ஷின் திசையைப் பாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரு பக்க டிஷ் 90 டிகிரி சுழன்று மாட்டப்பட்டிருந்தாலோ இரண்டு கேபிளும் இடம் மாறியிருந்தாலோ இந்தப் பக்கத்து 0 அந்தப் பக்கத்து 1 உடன் பேசும். லிங்க் ஒழுங்காகவே ஓடும், ஆனால் எண்களை ஒப்பிடும்போது நீங்கள் குழம்பிப்போவீர்கள். அதனால் போடும்போதே செங்குத்து எது, படுக்கை எது என்று கேபிளில் கலர் டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்.

அடுத்து இடம் மாற்றிப் பார்ப்பது. வெளி ஆன்டெனா உள்ள பெட்டியில்தான் இதைச் செய்ய முடியும். பெட்டியை அணைத்துவிட்டு, கட்டாயம் அணைத்துவிட்டு, ஏனென்றால் ஆன்டெனா இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் அனுப்பினால் பவர் திரும்பி வந்து அதையே கெடுக்கலாம், ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கேபிளையும் பெட்டி முனையில் மாற்றி மாட்டுங்கள். மறுபடி ஆன் செய்து அதே பெட்டி வாங்கும் எண்ணைப் பாருங்கள். பலவீனம் செயின் 1இலிருந்து செயின் 0க்குத் தாவினால் குற்றம் கேபிளுக்கு அப்பால். செயின் 1இலேயே இருந்தால் குற்றம் பெட்டிக்குள். அப்பால் என்றால் அதே பக்கத்துக் கேபிளும் ஆன்டெனாவும் இருக்கலாம், எதிர்ப்பக்கமும் இருக்கலாம், அதனால் அடுத்து தெரிந்த நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்தச் சின்னக் கேபிளுக்குப் பிக்டெயில் என்று கடையில் கேட்டால் தருவார்கள், பையில் எப்போதும் இரண்டு இருக்கட்டும்.

கனெக்டர், தண்ணீர், உப்பு

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான குற்றங்கள் மாட்டும்.

எஸ்எம்ஏ என்று ஒரு கனெக்டர், ஆர்பி எஸ்எம்ஏ என்று இன்னொன்று. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், அழகாகத் திருகிக்கொள்ளும். ஆனால் ஒன்றில் நடுவே ஊசி இருக்கும், இன்னொன்றில் துளை. தப்பாகச் சேர்த்தால் துளையும் துளையும் எதிரெதிரே நிற்கும், கம்பி தொடாது. ஆனாலும் சிக்னல் கொஞ்சம் கசிந்து லிங்க் ஓடும்! செயின் ஒன்று 20 டெசிபெல் கீழே என்றால் கழற்றி ஊசி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கேபிள் நீளம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய 195 வகைக் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும், தடித்த 400 வகை மூன்றில் ஒரு பங்கு. கையில் இருந்தது என்று ஒரு செயினுக்கு ஒரு மீட்டரும் இன்னொன்றுக்கு ஐந்து மீட்டரும் போட்டால் அங்கேயே 4 டெசிபெல் போச்சு.

அப்புறம் தண்ணீர். "மழை வந்தா லிங்க் போயிருது" என்று சொல்வார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டருக்கு மழை தின்பது கணக்கிலேயே வராது, எவ்வளவு கொட்டினாலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லிங்க் படுத்தால் ஒன்று நனைந்த தென்னை ஓலை வழியில் இருக்கிறது, இல்லாவிட்டால் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மழை நின்று ரெண்டு நாள் வெயில் அடித்ததும் தானாகச் சரியாகி, அடுத்த மழைக்கு மறுபடி ஒரு செயின் மட்டும் விழுந்தால் அது தண்ணீரேதான்.

கனெக்டரைக் கையால் முறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் உட்காரும், வழிகிற தண்ணீர் இடுக்கில் புகாது. அதன்மேல் சாதாரணக் கறுப்பு டேப், வெயில் ரப்பரைத் தின்னாமல் இருக்க. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வெறும் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றுவது வேண்டாம். நம் ஊர் வெயிலில் பசை இளகி ஒரு கோடை தாங்காது.

உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் தண்ணீரைவிட உப்பு மோசம். கனெக்டரில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற ஊரில் ஆடிக் காற்று கிளாம்பைத் தளர்த்திவிடும். டிஷ் திரும்பினால் இரண்டு செயினும் சேர்ந்து இறங்கும், பிக்டெயில் அசைந்து அசைந்து உள்ளே விட்டுப்போனால் ஒன்று மட்டும் இறங்கும். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். மயில் டிஷ் மேல் உட்காருவதற்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

டிஷ் திருப்புவது

ஒருவர் திருப்ப, ஒருவர் போனில் எண் சொல்ல வேண்டும். சொல்கிறவர் இரண்டு செயினின் எண்ணையும் சொல்ல வேண்டும், மொத்தத்தை அல்ல. படுக்கைக்கும் செங்குத்துக்கும் உச்சம் ஒரே இடத்தில் வராமல் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும். ஒன்றின் உச்சத்தில் நிறுத்தாமல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் போல்ட்டை முறுக்குங்கள். முறுக்கும்போது திரும்பிவிடும் என்பதால் முறுக்கிய பிறகும் ஒருமுறை எண்ணைக் கேளுங்கள். கணக்கில் வந்ததைவிட 15, 20 கீழே இருக்கிறது, ஆனால் இரண்டும் சமம் என்றால் பக்கவாட்டு உச்சியில், அதாவது டிஷ்ஷின் முக்கிய வீச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன உச்சியில், நிற்கிறீர்கள், இன்னும் நன்றாகத் திருப்பித் தேடுங்கள்.

இப்போது பவர்

கூரை வேலை முடிந்து, நாலு எண்ணும் எதிர்பார்ப்புக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் பவர் கட்டத்துக்குப் போக வேண்டும். போனாலும் கூட்டுவதற்கு அல்ல, குறைத்துப் பார்ப்பதற்கு.

ஆம்ப்ளிஃபயரை முழுக்க ஓட்டினால் அலையின் உச்சிகள் நசுங்கும். சாதா வேகத்துக்கு அது பரவாயில்லை. உச்ச வேகத்துக்குப் பயன்படும் 256 க்யூஏஎம் மாதிரி நெருக்கமான பண்பேற்றத்துக்கு (அலையில் தகவலை ஏற்றும் முறைக்கு) சிக்னலின் துல்லியம் போதாது. 802.11ஏசி தரத்தில் எம்சிஎஸ் 9க்கு அனுப்பும் சிக்னலின் பிழை −32 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும், எம்சிஎஸ் 7க்கு −27 போதும். (இந்தத் தரத்தில் எம்சிஎஸ் 0 முதல் 9 வரைதான், எத்தனை ஸ்ட்ரீம் என்பது தனியாக வரும்.) அதனால்தான் பெட்டியின் விவரத்தாளில் மெதுவான வேகத்துக்கு ஒரு பவரும் உச்ச வேகத்துக்கு அதைவிடச் சில டெசிபெல் குறைவாக ஒரு பவரும் போட்டிருப்பார்கள். எல்லா வேகத்துக்கும் ஒரே பவர் என்று பூட்டுகிற வசதி சில பெட்டிகளில் உண்டு, அதைத் தொடாதீர்கள். பவரை 2 டெசிபெல் குறையுங்கள், எதிர்ப்பக்கம் எம்சிஎஸ் எண் என்ன ஆகிறது என்று ஐந்து நிமிஷம் பாருங்கள். ஏறினாலோ அப்படியே நின்றாலோ இன்னும் 2 குறையுங்கள். இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்து நிறுத்துங்கள். வீட்டுக்கும் பம்பு ஷெட்டுக்கும் 200 மீட்டர்தான் என்றால் நிறையவே குறைக்க வேண்டியிருக்கும். −30 என்று பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், ரிசீவர் திணறுகிறது என்று அர்த்தம். −50க்கும் −60க்கும் நடுவே நல்ல இடம்.

செயின் வாரியாகத் தனித்தனிப் பவர் வைக்கிற வசதி இருந்தால் அதைக் கடைசியாகத் தொடுங்கள். கேபிள் நீளத்தை எப்படியும் மாற்ற முடியாது, ஒரு பக்கம் 3 டெசிபெல் அதிகம் தின்னுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், நல்லாயிருக்கிற செயினைக் குறைத்துச் சமப்படுத்தலாம். பலவீனமானதைக் கூட்டப் போனால் அந்த ஆம்ப்ளிஃபயர் நசுங்க ஆரம்பிக்கும். இதுவும் அனுப்புவதை மட்டும்தான் சரிசெய்யும், அதே கேபிள் வழியாக வாங்கும்போது 3 போனது போனதுதான். எதிர்ப்பக்கம் வழி எப்படி இருக்கிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியாதபோது எல்லா ஆன்டெனாவுக்கும் சமமாகப் பங்கிடுவதே நல்லது என்று டெலடார் என்ற ஆய்வாளர் 1990களிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

குச்சி ஆன்டெனா உள்ள ரவுட்டரை வெட்டவெளியில் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு குச்சியும் செங்குத்தாக நின்றால் எண் இரண்டும் அழகாகச் சமமாக வரும், ஆனால் இரண்டும் ஒரே வழியில் ஒரே மாதிரி போவதால் எதிர்ப்பக்கம் பிரித்தெடுக்கத் திணறும். ஒன்றை நிமிர்த்தி ஒன்றைப் படுக்க வையுங்கள், எதிர்ப்பக்கத்துக் குச்சிகளையும் அதே மாதிரி. வீட்டுக்குள் சுவர்களில் பட்டுச் சிதறுவதால் இந்தக் கவலை குறைவு.

செல்போனில் இதெல்லாம் தானாக நடக்கிறது, நாம் தொட முடியாது. இரண்டு ஆன்டெனாவில் கை மறைத்ததை விட்டு மற்றதுக்கு மாறுவதும், தலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது பவரைக் குறைப்பதும் அதன் வேலை. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உடல் உறிஞ்சும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் நாலு எண், வைத்த பவர், எம்சிஎஸ், தேதி, இவற்றை எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகும் ஆடிக் காற்றுக்குப் பிறகும் ஏணி இல்லாமலே லேப்டாப்பில் பார்த்து ஒப்பிடலாம். இடி விழுந்து ஒரு செயினின் ஆம்ப்ளிஃபயர் போயே போய்விட்டது, மாற்றுப் பெட்டி வர நாளாகும் என்றால் அந்தச் செயினை இரண்டு பக்கமும் செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். வேகம் பாதியாகும், ஆனால் கேமரா படம் நிற்காமல் ஓடும். அரைகுறையாக உயிரோடு இருக்கும் செயினை நம்பி இரண்டு ஸ்ட்ரீமுக்கு முயன்று முயன்று விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.